நீலப் புள்ளிகள்

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாரும் பசியாறிவிட்டீர்கள்தானே? நல்லது. பெருங்குடல் புற்றுநோயைப் பற்றிய பேச்சை வெறும் வயிற்றில் கேட்டால் அப்புறம் இட்லி இறங்காது.

நான் டாக்டர் இல்லை. பேத்தாலஜி லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த குடல் துண்டு எங்களிடம்தான் வரும். அதை மெழுகில் பதித்து, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது என் வேலை. சாயம் ஏறினால் எல்லாம் ரோஸ் நிறம், உயிரணுக்களின் கரு மட்டும் நீலம். சில கட்டிகளின் ஓரத்தில் கடுகு கொட்டினாற்போல் சின்னச் சின்ன நீலப் புள்ளிகள் அப்பிக் கிடக்கும். வேறு சிலவற்றில் தேடினாலும் கிடைக்காது. அவை லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள், நம் உடம்பின் ஜாகாக்காரர்கள், அதாவது காவலர்கள். எத்தனையோ வருடம் அவற்றைப் பார்த்தேன், ஒரு நாளும் எண்ணியதில்லை.

அறிக்கையில் எதை எழுதுவார்கள்? கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியது, எத்தனை நிணநீர் முடிச்சுகளில் பரவியது, கல்லீரல், நுரையீரல் வரை போய்விட்டதா. இந்த மூன்றையும் வைத்துத்தான் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பிரிக்கிறார்கள். இன்றும் சிகிச்சைக்கு அதுதான் அடித்தளம். ஆனால் இரண்டாம் கட்டத்தில் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வயது, ஒரே அளவு கட்டி. ஒருவர் பத்து வருடம் கழித்தும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏறுகிறார். இன்னொருவருக்கு இரண்டே வருடத்தில் கல்லீரலில் திரும்பி வருகிறது. ஏன்? அத்தனை காலமும் திருடனையே அளந்துகொண்டிருந்தோம். காவலுக்கு யார் நின்றார்கள் என்று விசாரிக்கவில்லை.

விசாரித்தவர்கள் முன்பும் இருந்தார்கள். ஆனால் விஷயத்தைக் கணக்காக்கியது பாரிஸில் ஜெரோம் கலோன், ஃபிராங்க் பாஜெஸ் குழு. 2006இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். எந்த வகைக் காவலர்கள், எவ்வளவு அடர்த்தி, எந்த இடம் என்று மூன்று கேள்விகள்.

இடம் என்பதை நம் கொண்டோ அடுக்குமாடியை வைத்தே சொல்லிவிடலாம். பத்து ஜாகா இருக்கிறார்கள். பத்துப் பேரும் கேட் பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தால் ஏழாவது மாடியில் பூட்டை உடைப்பவனுக்கு என்ன கவலை? அதனால் கட்டியின் விளிம்பில் தனியாக, நடுவில் தனியாக எண்ணுகிறார்கள். லிம்போசைட்டுகளில் ஒரு வகை டி செல்கள். சிடி3 என்ற அடையாளம் எல்லா டி செல்களையும் காட்டும். சிடி8, அவற்றில் நேரடியாகக் கொல்லும் படையைக் காட்டும். எண்ணுவது கணினி. நல்ல வேளை, என் கண்ணை நம்பவில்லை! இந்தக் கணக்குக்கு இம்யூனோஸ்கோர் என்று பெயர்.

2018இல் 'லான்செட்' இதழில் 13 நாடுகளின் கணக்கு வந்தது. முதல் மூன்று கட்டங்களில் உள்ள 2,600க்கும் மேற்பட்ட நோயாளிகள். அதன் முதல் தொகுதியில், ஐந்து வருடத்துக்குள் நோய் திரும்பியவர்கள், காவல் பலமாக இருந்தவர்களில் 8 விழுக்காடு, நடுத்தரமாக இருந்தவர்களில் 19, குறைவாக இருந்தவர்களில் 32. ஒரே நோய்க்குள் நான்கு மடங்கு வித்தியாசம்.

சரி, சிலருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் சேருகிறது? ஒரு காரணம் வேடிக்கையானது. செல் பிரியும்போது மரபணு எழுத்துகளைப் பிழைதிருத்தும் புரதங்கள் உண்டு. பெருங்குடல் புற்றில் சுமார் 15 விழுக்காட்டில் இந்தத் திருத்துபவர்களே படுத்துவிடுகிறார்கள். பிழைகள் குவிந்து விசித்திரமான புரதங்கள் பிறக்கின்றன. முகம் அந்நியமானதும் ஜாகாக்கள் ஓடி வருகிறார்கள். திருடன் ஓட்டை முகமூடி போட்டு வந்த கதைதான். இது சில குடும்பங்களில் வழிவழியாக வரும். லிஞ்ச் நோய்க்குறி என்பார்கள். அப்பாவுக்கோ அக்காவுக்கோ 50 வயதுக்கு முன்பே குடல் புற்று வந்திருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

ஆள் இருந்தால் மட்டும் போதுமா? கோர்ன்வாலிஸ் கோட்டையில் பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கோட்டை ஒரு போரையும் கண்டதில்லை. நாம் படம் எடுத்துக்கொள்ளத்தான் உதவுகிறது. கட்டிக்குள்ளும் பல டி செல்கள் அப்படித்தான், பிரேக் போடப்பட்டு நிற்கும். அந்த பிரேக்கை விடுவிக்கலாம் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பிழைதிருத்தம் கெட்டு, நோய் முற்றிய குடல் புற்றுக்கு இந்த வகை மருந்து ஒன்றை முதல் சிகிச்சையாகவே 2020இல் அமெரிக்கா அனுமதித்தது. மற்ற பெரும்பாலான குடல் புற்றுகளில் இந்த மருந்து தனியாகக் கொடுத்தால் எடுபடுவதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் 'எல்லாப் புற்றுக்கும் ஒரே ஊசி'யை நம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

கணிப்பு என்றதும் ஜாதகம் பார்ப்பதுபோல் நினைக்கவும் வேண்டாம். நூறு பேரைப் பற்றிச் சொல்வது, உங்கள் ஒருவரைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. 32 விழுக்காட்டுக் கூட்டத்திலும் 68 பேருக்கு நோய் திரும்பவில்லை.

நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்று இதுதான். ஐம்பது தாண்டியவர்கள் கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார நிலையத்தில், மலப் பரிசோதனை கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. என் அண்ணன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மூலம் என்று எட்டு மாதம் கஷாயம் குடித்தார். கண்டுபிடிக்கும்போது மூன்றாம் கட்டம். ஒருவர் கதை ஆதாரம் ஆகாதுதான், ஆனாலும் சொல்கிறேன். அவருடைய ஸ்லைடை நான்தான் போட்டேன். ஓரத்திலும் நடுவிலும் நீலம் அப்பிக் கிடந்தது. பொருள் தெரியாமல் அண்ணியிடம், "சுத்தி வீக்கமா இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைக் கேட்டு அன்று ராத்திரி முழுக்க அழுதாராம். அண்ணன் அதன் பிறகு பதினாறு வருடம் இருந்தார்.