மறுபடி காலேஜுக்குப் போகுமுன்: பழைய பி.டி.பி.டி.என் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு இன்றைய பேச்சு நேராகவே பொருந்தும். டிப்ளோமாவைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர்கள் இப்போது மீண்டும் படிக்க நினைக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் முதலில் செய்வது காலேஜில் பதிவுக் கட்டணம் கட்டுவது. பழைய பி.டி.பி.டி.என் கடனை, அதாவது மலேசிய அரசின் உயர்கல்விக் கடனை, அதற்குப் பிறகுதான் நினைக்கிறார்கள். வரிசை அப்படியே தலைகீழ். பதிவுப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது, பழைய கடனோ எங்கும் போகாது.

முதலில் மைபிடிபிடிஎன் செயலியைத் திறந்து கணக்கைப் பாருங்கள். அங்கே மலாய் மொழியில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று பாக்கி, நம் பாக்கியேதான், சொல்லும் பொருளும் ஒன்று. இன்னொன்று துங்காக்கான், அதாவது கட்ட வேண்டிய தேதி கடந்தும் கட்டாத தவணைகளின் தொகை. 20,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், கடன், 10 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். உஜ்ரா எனப்படும் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு, 10 ஆண்டுக்கு 2,000 வெள்ளி. மொத்தம் 22,000, மாதத்துக்கு 183 வெள்ளி 33 காசு. 30 மாதம் கட்டாமல் விட்டால் துங்காக்கான் 5,500. மொத்தத் தொகையைப் பார்த்து மிரண்டு செயலியை மூடிவிடுகிறவர்கள் அதிகம். உங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டிருப்பது அந்த 5,500தான். அதை ஒரே மூச்சில் கட்ட முடியாவிட்டால் கடனை மறுசீரமைக்கக் கேளுங்கள். துங்காக்கான் பாக்கியோடு சேர்க்கப்பட்டு, புதிய தவணை போடப்படும். மாதத் தொகை குறையும், காலம் நீளும். உஜ்ரா வருவதற்கு முந்தைய ஒப்பந்தம் என்றால், அது உஜ்ராவுக்கு மாற்றப்பட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ் தளத்தில் உங்கள் சிசிரிஸ் அறிக்கையை, அதாவது கடன் வரலாற்றை, இலவசமாக எடுக்கலாம். கடந்த 12 மாதங்களில் எப்படிக் கட்டினீர்கள் என்பதை அது காட்டும். வேறு கல்விக் கடனுக்கு பேங்கை நாடுவதாக இருந்தால், அவர்கள் பார்க்கும் அதே தாளை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: முகவரி. ஒப்பந்தத்தில் லயத்து வீட்டு எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். லயம் இடிபட்டிருக்கும், குடும்பம் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, மாறியிருக்கும், கடிதங்கள் தோட்ட ஆபிஸ் மேசையிலேயே கிடந்திருக்கும். "எனக்கு நோட்டீசே வரவில்லை" என்று சொல்லி வாதாடிப் பயனில்லை. முகவரியையும் கைப்பேசி எண்ணையும் இன்றே மாற்றிவிடுங்கள்.

அடுத்து, மறுபடி மாணவராகிவிட்டால் தவணை தானாக நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். படிப்பைத் தொடர்வதற்காகத் திருப்பிச் செலுத்துதலைத் தள்ளிவைக்கலாம், ஆனால் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். காலேஜின் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிவைப்பு இனி வரும் தவணைகளுக்குத்தான். ஏற்கெனவே சேர்ந்துபோன துங்காக்கானை அது துடைக்காது.

புதிய பி.டி.பி.டி.என் கடன் வேண்டுமென்றால் விண்ணப்ப நாளில் வயது 45-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. உங்கள் பெயரில் எஸ்.எஸ்.பி.என் எனப்படும் கல்விச் சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். படிப்பில் குறைந்தது 1 ஆண்டு மிச்சமிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் கெட்டிக்காரர்கள் மாட்டுகிறார்கள். பழைய பாடங்களுக்குக் கிரெடிட் மாற்றம், அதாவது ஏற்கெனவே படித்த பாடங்களைப் புதிய படிப்பில் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வசதி, வாங்கினால் கட்டணம் குறையும், காலமும் குறையும். அளவுக்கு மேல் வாங்கினால் மிச்சப் படிப்பு 1 ஆண்டுக்குக் கீழே இறங்கி, கடன் கேட்கும் தகுதியே போய்விடும். எத்தனை கிரெடிட், எத்தனை செமஸ்டர் என்று கணக்குப் போட்ட பிறகே படிவத்தில் கையெழுத்திடுங்கள். டிப்ளோமாவை முடித்துவிட்டு டிகிரிக்குக் கடன் கேட்பது ஒரு விஷயம். பாதியில் விட்ட டிப்ளோமாவுக்கே மறுபடி கேட்பது வேறு விஷயம். அப்படியானால் பதிவுக் கட்டணம் கட்டுமுன் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

கிரெடிட் மாற்றத்துக்குப் பழைய மதிப்பெண் பட்டியல் தேவை. பழைய காலேஜில் கட்டணம் பாக்கி இருந்தால் அதைத் தர மறுப்பார்கள். இது பி.டி.பி.டி.என் கடனோடு சேராத தனிக் கடன். தவணையில் கட்டும் ஏற்பாட்டை எழுதி வாங்கிக்கொண்டு, பட்டியலைக் கேளுங்கள்.

கடன் பணம் கைக்கு வரத் தாமதமாகலாம். முதல் செமஸ்டருக்கு வேறு வழி வைத்துக்கொள்ளுங்கள். ஈபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதியில், அக்காவுன் செஜாத்திரா என்ற கணக்கிலிருந்து கல்விக்கு எடுக்கலாம். 2024 மே முதல் உங்கள் சந்தாவில் 15 விழுக்காடு அங்கேதான் சேர்கிறது. எஸ்.கே.எம் போன்ற கைத்தொழில் சான்றிதழ் என்றால் தொழில்திறன் பயிற்சிக்கான பி.டி.பி.கே கடன் வேறு. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பாவோ தாத்தாவோ உறுப்பினராக இருந்தால், பங்குப் புத்தகத்தைத் தேடியெடுத்துக் கல்வி உதவி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டித் தொடங்கிய சங்கம் அது.

கடைசியாக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். மாமாவோ சித்தப்பாவோ, அவருக்கும் கடிதம் போயிருக்கும். 2017-இல் திவால் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, லாபம் எதுவும் இல்லாமல் கல்விக் கடனுக்கு ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. ஆனால் கடன் கேட்கும் கடிதங்களை அந்தத் திருத்தம் தடுக்காது. பி.டி.பி.டி.என்-இன் ஈப்போ அலுவலகத்துக்குப் போகும்போது மைகாட் எனும் அடையாள அட்டை, ஒப்பந்தத்தின் நகல், புதிய காலேஜின் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். புதிய தவணை முடிவானதும் அந்த மாமாவுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.