தேம்ஸ் நதியின் மேல் ஆடிய பாலம்

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒத்ததிர்வைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக உடைந்து விழுந்த பாலங்களைக் காட்டித்தான் தொடங்குவார்கள். நான் உடையாமல் ஆடிய ஒரு பாலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு முன் ஓர் ஊஞ்சல் வேண்டும்.

கூடத்தில் இரண்டேகால் மீட்டர் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 3 விநாடி பிடிக்கும். பேரன் உட்கார்ந்தாலும் தாத்தா உட்கார்ந்தாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஒரு விநாடியில் எத்தனை அலைவு என்பதே அதன் இயல்பு அதிர்வெண். பாலத்துக்கும் கட்டடத்துக்கும் இத்தகைய அதிர்வெண்கள் உண்டு; விறைப்பு கூடினால் அவை உயரும், நிறை கூடினால் தாழும். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்து ஒற்றை விரலால் தள்ளினாலும் ஆட்டம் வளர்ந்துகொண்டே போவதைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம்.

எதுவரை வளரும்? இந்தக் கேள்வியை நம் வகுப்பறைகள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன என்பது என் நெடுநாள் மனக்குறை. கொக்கியின் உராய்விலும் காற்றின் எதிர்ப்பிலும் ஒவ்வோர் அலைவிலும் கொஞ்சம் ஆற்றல் கரைகிறது. விரல் கொடுக்கும் ஆற்றலும் இப்படிக் கரையும் ஆற்றலும் சமமாகும் இடத்தில் ஆட்டம் வளர்வது நிற்கும். இந்தக் கரைதலே தடையுறுதல், பொறியாளர்களின் பேச்சுவழக்கில் டேம்பிங். இழுத்துவிட்ட பொருள் ஒருமுறைகூட ஆடாமல் பழைய நிலைக்குத் திரும்புவதற்குத் தேவையான தடையின் அளவை 100 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், எஃகு நடைபாலங்களில் பெரும்பாலும் 1 விழுக்காடுகூட இருப்பதில்லை. அரை விழுக்காடு தடையுள்ள பாலத்தில், ஒரு விசை அசையாமல் நின்று அழுத்தினால் உண்டாகும் விலகலைப் போல 100 மடங்கு விலகலை, அதே அளவு விசை இயல்பு அதிர்வெண்ணில் மாறிமாறித் தள்ளும்போது உண்டாக்கிவிடும். தடை 20 விழுக்காடானால் அது வெறும் இரண்டரை மடங்கு.

இனி லண்டனுக்குப் போவோம். தேம்ஸ் நதியின் குறுக்கே மிலேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. நடுக்கண், அதாவது இரு தூண்களுக்கு இடையிலான நடுப்பகுதி, 144 மீட்டர் நீளம்; வடங்கள் வழக்கத்தைவிட மிகத் தாழ்வாகச் சென்ற, மெலிந்த, அழகான பாலம். கூட்டம் ஏறியதும் அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. மக்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். இரண்டே நாளில் பாலம் மூடப்பட்டது.

மனிதர் நடக்கையில் விநாடிக்கு ஏறத்தாழ 2 அடி வைக்கிறோம். இடக்கால் ஒரு பக்கமும் வலக்கால் மறுபக்கமும் தள்ளுவதால், பக்கவாட்டு விசை விநாடிக்கு ஒருமுறை வந்துபோகிறது. பாலத்தின் பக்கவாட்டு அதிர்வெண்கள் சில 1 ஹெர்ட்ஸிலும், அதாவது விநாடிக்கு ஓர் அலைவிலும், அதற்குக் கீழும் இருந்தன. ஆனால் படைவீரரைப் போல எவரும் தாளம் தப்பாமல் அணிவகுத்து நடக்கவில்லையே! தரை ஆடும்போது விழாமலிருக்க நாம் காலை அகற்றி, அந்த ஆட்டத்துக்கு இசைய அடி வைக்கிறோம். அப்படி வைக்கும் ஒவ்வோர் அடியும் பாலம் நகரும் திசையிலேயே அதைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. அதாவது, நடக்கிறவர் ஒவ்வொருவரும் பாலத்தின் தடையிலிருந்து ஒரு துளியைக் கழித்துக்கொண்டிருக்கிறார். பாலத்தின் மேலேயே ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தபோது, ஏறத்தாழ 160 பேர் வரை அமைதியாக இருந்த கண், மேலும் சிலர் சேர்ந்ததும் திடீரென ஆடத் தொடங்கியது. தடையின் கையிருப்பு அத்துடன் தீர்ந்துவிட்டது. கால்கள் ஒரே தாளத்தில் சேராவிட்டாலும் இது நிகழக்கூடும் என்று 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

பாலத்தை விறைப்பாக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதிர்வெண் விறைப்பின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. எனவே அரை ஹெர்ட்ஸை ஒன்றரை ஹெர்ட்ஸாக உயர்த்த விறைப்பை 9 மடங்காக்க வேண்டும். அதன்பின் அந்த மெலிந்த பாலம் அங்கே இருக்காது. எனவே தடையைக் கூட்டினார்கள். தளத்துக்கு அடியிலும் தூண்களருகிலும் 37 பாகுநிலைத் தடையிகள் பொருத்தப்பட்டன. நம் இருசக்கர வண்டியின் ஷாக் அப்சார்பருக்கு இவை அண்ணன் முறை: உருளைக்குள் பிஸ்டன் நகரும்போது திரவம் சிறு துளைகள் வழியே பிதுங்கி, அசைவின் ஆற்றல் வெப்பமாகி வெளியேறும். கூடவே, செங்குத்து ஆட்டத்துக்கும் சேர்த்து, பாலத்தின் ஆட்டத்தைத் தாம் வாங்கி ஆடும் நிறைகள் பல சுருள்வில்களின் மேல் வைக்கப்பட்டன. தைவானின் தைபே 101 கட்டடத்தின் உச்சியருகே தொங்கும் 660 டன் கோளமும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

திருத்தத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு. சுமார் 2000 பேரை நடக்கவிட்டுச் சோதித்த பின், 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் அதன் மேல் கூட்டம் குறைவதில்லை. அதன் பக்கவாட்டு அதிர்வெண்களோ ஏறத்தாழ அன்று இருந்தவைதான்.