வேலை என்று எதை எழுதுவது?

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகளில் மகளிரியல் என்றால் அது மாடியின் கடைசி அறையில் இயங்கும் தனித்துறை, மார்ச் 8 அன்று மட்டும் எல்லோர் நினைவுக்கும் வருவது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நான் பொருளாதாரம் கற்பித்தவள். மகளிரியல் துறை இருக்கத்தான் வேண்டும். ஆனால் பெண்ணைப் பற்றிய கேள்விகளை அதனிடம் ஒப்படைத்துவிட்டு மற்றத் துறைகள் ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியாவில் இப்படிப்பு வேர்விடப் பெரிய தூண்டுதலாக இருந்தது ஓர் எண்ணிக்கை. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில் 1971இல் 930 பெண்களே இருந்தனர். பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு 1971இல் அமைத்த குழு, இச்சரிவைத் தன் அறிக்கையில் அழுத்திக் காட்டியது. 1974இல் மும்பையின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஆய்வுப் பிரிவு தொடங்கியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மையங்கள் பெருகின.

என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு பயிற்சி கொடுப்பேன். வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டும் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வில் ஒவ்வொருவரின் வேலைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அவரவர் தாயாருக்கு உரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாணவியின் தாயார் அதிகாலையில் கருவேலங்காட்டில் விறகு பொறுக்கி, வரும் வழியில் கீரை பறித்து, மதியத்துக்கு மேல் வீட்டுத் துணிகளைத் தைப்பவர். அவருக்கு உரிய எண் 93. அதாவது வீட்டுவேலையோடு விறகு, கீரை போன்றவற்றைச் சேகரிப்பவர். ஆனால் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் அடங்கிய உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே இருப்பவர். அதே விறகை அடுத்தவருக்குக் கூலிக்கு வெட்டினால் அவர் தொழிலாளி. “அப்போ எங்கம்மா வேலையே செய்யலையா மேடம்?” என்று அந்தப் பெண் கேட்டபோது வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. குறியீடு வகுத்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த உழைப்புக்குத் தனியாக ஓர் எண்ணையாவது கொடுத்து வைத்தார்கள். 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் கணக்கிட்டது. அப்படி ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேர்தாம்.

பெண்ணைக் கணக்கில் கொண்டார்களா என்ற கேள்வி மருந்தியலில் உயிரோடு தொடர்புடையது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுவதால், காலையில் வண்டி ஓட்டும்போதும் அதன் மயக்கம் எஞ்சியிருக்கக்கூடும் என்று கண்ட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பெண்களுக்குப் பரிந்துரைக்கும் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது 2013இல்தான். மருந்து அங்கே விற்பனைக்கு வந்து அதற்குள் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழிலக்கிய வகுப்பில் கேள்வி வேறு விதமானது. காதலைப் பாடும் சங்க அகப்பாடல்களில் தலைவி பேசுகிறாள். ஆனால் அக்கூற்றுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் ஆண்கள். பெண்பாற் புலவர் வெள்ளிவீதியாரின் தலைவியையும் ஆண் புலவர் கபிலரின் தலைவியையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், பெண்குரல் எது, பெண்ணுக்காகப் புனைந்த குரல் எது என்று கேட்காமல் இருக்க முடியாது. சங்கப் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பல இடங்களில் பெயர் ஒன்றே சான்று.

பாடத்திட்டத்தில் இவற்றுக்கு இடம் கிடைத்தாலும் அது பெரும்பாலும் கடைசியில் வரும் ஐந்தாம் அலகாகத்தான் இருக்கும். பருவத் தேர்வு நெருங்கும்போது ஐந்தாம் அலகு என்ன பாடுபடும் என்பது ஆசிரியராக இருந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் பாடத்திட்டக் குழுவில் நான் வாதாடியது ஒன்றுக்காகத்தான்: உழைப்பு என்பதற்கு இலக்கணம் சொல்லும் முதல் அலகிலேயே 93 என்ற எண்ணையும் கற்பிக்க வேண்டும். மூன்றாவது கூட்டத்தில் இசைந்தார்கள், அதுவும் இரண்டு மதிப்பெண் வினாவாக.

நன்றி, வணக்கம்.