ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தாலும் நம்பாதீங்க

வணக்கம் மக்களே. முன்னாடி இருக்கிற இந்த கம்ப்யூட்டர் எங்க அக்காவோடது. நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதோடதான் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா பையன் ஒரு கேமோட கிராக், அதாவது காசு குடுக்காம விளையாட வைக்கிற திருட்டு ஃபைலை, டவுன்லோடு பண்ணியிருக்கான். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணினாதான் ஓடும்னு அதுல எழுதியிருக்கு, அவனும் ஆஃப் பண்ணிட்டான். அப்படிக் கேக்குற எதையும் தயவுசெஞ்சு இன்ஸ்டால் பண்ணாதீங்க. பயந்துபோய் நின்னான், திட்ட மனசு வரல.

வந்ததும் வைஃபையை ஆஃப் பண்ணிட்டேன். உள்ள புகுந்திருக்கிற மால்வேர், அதாவது கெடுதல் பண்ற சாஃப்ட்வேர், வெளிய எதையும் அனுப்பக்கூடாது, புதுசா எதையும் இறக்கவும் கூடாது.

அப்புறம் விண்டோஸோடயே வர்ற ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர்ல ஸ்கேன் போட்டேன். ஒண்ணுமே இல்லைங்குது! ஆனா ஃபேன் நிக்காம இரையுது, பிரவுசர்ல எதைத் தேடினாலும் வேற ஏதோ பக்கம் வருது. அப்பதான் எக்ஸ்க்ளூஷன்ஸ் லிஸ்ட்டைத் திறந்தேன். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அதுல கீழ போனா இருக்கும். பார்த்தா சி டிரைவ் மொத்தமும் அங்க இருக்கு. அங்க போட்டதை டிஃபெண்டர் தொடாது. மால்வேரே தன்னைச் சேர்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நாம போடாத எது இருந்தாலும் தூக்கிடுங்க.

தூக்கிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் போட்டேன். விண்டோஸ் முழுசா ஏறுறதுக்கு முன்னாடியே ஓடுறதால மால்வேர் எழுந்து தடுக்க முடியாது. சுமார் 15 நிமிஷம் ஆகும். மூணு ஃபைல் மாட்டுச்சு.

முடிஞ்சதுன்னு நினைச்சேன். ரீஸ்டார்ட் பண்ணினா அதுல ஒண்ணு திரும்ப வந்து நிக்குது. புரோகிராம்களைத் தானா ஓட வைக்கிற டாஸ்க் ஷெட்யூலர்ல பார்த்தேன், தெரியாத டாஸ்க் ஒண்ணு: பேரு ஏதோ அப்டேட் மாதிரி இருக்கு, ஆக்‌ஷன்ஸ் டேப்ல விண்டோஸ்ல கட்டளைகளை ஓட்டுற பவர்ஷெல், பின்னாடி அர்த்தமே இல்லாத நீளமான எழுத்து வரிசை. லாகின் பண்றப்பெல்லாம் ஓடி, அழிச்சதைத் திரும்பக் கொண்டுவருது. அதை அழிச்சப்புறம்தான் அடங்குச்சு. பிரவுசர்ல தெரியாத எக்ஸ்டென்ஷன் ஒண்ணு இருந்தது, அதையும் எடுத்தாச்சு.

ஆனா மக்களே, எனக்குப் பெரிய கவலை இது இல்ல. இந்த மாதிரி கிராக்ல வர்றது நிறைய திருட்டு மால்வேர். பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டை மட்டும் இல்ல, லாகின் குக்கீயையும், அதாவது நாம ஏற்கெனவே லாகின் ஆயிட்டோம்னு சைட்டுக்குக் காட்டுற அடையாளத்தையும், அள்ளிடும். குக்கீ கையில இருந்தா பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேரா அக்கவுண்டுக்குள்ள போயிடலாம். ஃபைலை அழிச்சா போனது திரும்பி வராது. அதனால அக்காவோட போன்ல இருந்து முதல்ல ஈமெயில் பாஸ்வேர்டை மாத்தினோம், எல்லா டிவைஸ்லயும் லாக்அவுட் குடுத்தோம், அடுத்து பேங்க். இதே கம்ப்யூட்டர்ல மாத்தியிருந்தா புதுசும் திருட்டுப் போயிருக்கும்.

அக்கா இதுலதான் பேங்க் வேலை பார்க்கிறாங்க. சுத்தமாயிடுச்சுன்னு சொல்லிக் கையில குடுக்க எனக்குத் தைரியம் இல்ல. வேற கம்ப்யூட்டர்ல 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணுல விண்டோஸ் இன்ஸ்டாலரை ஏத்தி வச்சிருக்கேன். போட்டோவும் டாக்குமென்ட்டும் மட்டும் காப்பி ஆகிட்டிருக்கு, ஒரு சாஃப்ட்வேர் ஃபைலைக் கூட எடுக்கல. இது முடிஞ்சதும் டிஸ்க்ல பிரிச்சு வச்சிருக்கிற எல்லா பார்டிஷனையும் அழிச்சுட்டு புதுசா இன்ஸ்டால் போடப் போறேன். பையனும் பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கிறேன்னு சொல்லியிருக்கான்.