கல் பேசும்வரை காத்திருங்கள்

நண்பர்களே, வணக்கம்.

ஆங்கில எழுத்தாளர் சுசானா கிளார்க்கின் 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்' என்ற மந்திரவாதிகள் கதை 2004-இல் வெளிவந்தது. ஏறக்குறைய 800 பக்கம். அவருடைய முதல் நாவல். எழுதி முடிக்கப் பத்தாண்டு பிடித்தது. அடுத்த ஆண்டே, அறிவியல் புனைவுக்கும் மாயக்கதைகளுக்கும் தரப்படும் ஹியூகோ விருது. ஆனாலும் பாதியில் மூடிவைத்தவர்கள் உண்டு. இந்த அவையிலும் இருப்பீர்கள். "முதல் இருநூறு பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது" என்பீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கதை 1806-இல், இங்கிலாந்தின் யார்க் நகரில் தொடங்குகிறது. அங்கே மந்திரவாதிகளுக்கு ஒரு சங்கம். மாதம் ஒருமுறை கூடி நீளநீளமான கட்டுரைகளை வாசிக்கிறார்கள். மந்திரம் செய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை! நோரல் என்பவர், "நான் செய்துகாட்டினால் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும்" என்று நிபந்தனை போடுகிறார். கடுங்குளிரில் எல்லோரும் யார்க் மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் போகிறார்கள். நோரல் வரவில்லை, ஊருக்கு வெளியே தம் வீட்டிலேயே இருக்கிறார். திடீரென ஒரு சின்னக் கற்சிலை வாய் திறக்கிறது. தலையில் ஐவி இலை சூடிவந்த ஒரு பெண்ணை, பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவன் இங்கே கழுத்தை நெரித்துக் கொன்றான், கற்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்று அரற்றுகிறது. பிறகு மற்றச் சிலைகளும் பேசத் தொடங்குகின்றன. அந்தச் சங்கத்தின் அலுப்பில் நாமும் உட்கார்ந்திருந்ததால்தான் இங்கே நமக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அடிக்குறிப்புகளைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சில, பக்கம் பக்கமாக ஓடும். வட இங்கிலாந்தை முந்நூறு ஆண்டு ஆண்ட காக்கை அரசனின் வரலாறு அவற்றில்தான் சேர்கிறது. எந்த நூலகத்திலும் இல்லாத நூல்களுக்கு மேற்கோள் காட்டியே ஒரு நாட்டுக்கு இன்னொரு கடந்தகாலத்தைக் கட்டிவிடுகிறார் கிளார்க்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது எம்மாவைப் பற்றி. திருமணத்துக்கு முன்பே இறந்துபோன மணப்பெண் அவள். அவளை உயிர்ப்பிக்க, வெண்பஞ்சு முடிகொண்ட மாயலோகத்துக் கனவானோடு நோரல் பேரம் பேசுகிறார். அவளுடைய வாழ்நாளில் பாதி அவனுக்கு. எழுந்தவளுக்கு ஒரு சுண்டுவிரல் இல்லை. அதன்பின் இரவெல்லாம் அவன் மாளிகையில் ஆடியே ஆகவேண்டும். சொல்லி அழவும் வழியில்லை. வாய் திறந்தால் சம்பந்தமில்லாத கதை ஏதோ வந்து விழுகிறது. அவள் வீட்டுப் பணியாளர் தலைவன் ஸ்டீபன் பிளாக்கும் அதே மாயத்தில் சிக்குகிறான். நமக்கு எல்லாம் தெரியும். அவள் கணவனுக்குத் தெரியாது. கதையோ அவளை அப்படியே விட்டுவிட்டு ஸ்பெயின் போர்க்களத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஆங்கிலத் தளபதி வெலிங்டனின் படைக்கு, நோரலின் மாணவனான ஸ்ட்ரேஞ்ச் மந்திரத்தால் சாலை போட்டுக்கொண்டிருக்கிறான், இங்கே இவள் ஆடிக்கொண்டிருக்கிறாள். நூற்றுக்கணக்கான பக்கம் கழித்துத் திரும்பிவந்தாலும் ஆட்டம் ஓயவில்லை. விறுவிறுப்பான நாவல் இவளை ஐம்பது பக்கத்தில் மீட்டிருக்கும். ஆனால் அப்போது, ஆண்டுக்கணக்கான சிறை எவ்வளவு நீளம் என்பது நமக்கு உறைத்திருக்காது.

நிறுத்தியவர்கள் எட்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். அந்தப் பேரம் அங்கேதான் நடக்கிறது. அங்கிருந்து ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும், புத்தகத்தில் மொத்தமே 69 அத்தியாயம்தான்.