தூரிகை நுனியில் ஒரு சுண்ணாம்பு ஓடு

நேயர்களுக்கு வணக்கம்.

மண்டபம் கரையில் அள்ளிய ஒரு சிட்டிகை மணலை நுண்ணோக்கியின் கீழே பரப்பினால், மணலோடு மணலாகக் குட்டிச் சங்குகள் மாதிரி சில தெரியும். இடுக்கியால் எடுத்தால் நொறுங்கிவிடும். ஓவியர்களின் மெல்லிய தூரிகையை நனைத்து, நுனியில் ஒட்டி எடுக்க வேண்டும். நடுவில் ஒரு தும்மல் வந்தால் காலை முழுக்கப் பார்த்த வேலை போச்சு! இது நத்தை இனம் இல்லை. ஒரே ஒரு செல் கொண்ட உயிர். ஃபோராமினிஃபெரா என்று பெயர். வாயில் நுழையாது, ஃபோராம் என்றே சொல்கிறேன்.

ஒற்றைச் செல் எப்படி வீடு கட்டும்? கடல்நீரைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, அதிலிருக்கும் அமிலத்தன்மையை வெளியே இறைத்துத் தள்ளுகிறது. ஓடு உருவாகும் இடத்தில் பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 9 வரை ஏறுவதைச் சில இனங்களில் அளந்திருக்கிறார்கள். அப்போதுதான் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். படகில் புகுந்த தண்ணீரை இறைப்பது போன்ற வேலை இது. வெளியே அமிலம் கூடினால் இறைக்கும் கை ஓயாது.

கூடத்தான் செய்கிறது. நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கு கடலுக்குள் கரைகிறது. கோலி சோடாவில் அடைப்பதும் இதே வாயுதான். தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த கடலின் மேற்பரப்பு நீரின் பிஎச் இன்று 8.1 அளவில் இருக்கிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த அளவுகோலில் ஒரு முழு எண் இறங்கினால், அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு ஆகும். ஆக, 0.1 இறங்கியதிலேயே அவை கால்வாசிக்கும் மேல் கூடிவிட்டன. அவை கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட்டாக மாற்றிவிடும். ஓடு கட்டச் சரக்கு குறையும்.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் சேகரித்த மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த ஃபோராம்களையும் தாரா என்ற ஆய்வுக் கப்பல் அண்மையில் பசிபிக்கில் பிடித்தவற்றையும் சிடி ஸ்கேனில் வைத்து ஒப்பிட்டு, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் இனத்தில் ஓட்டின் தடிமன் 76 சதவீதம் வரை குறைந்திருந்தது. அமிலத்தின் பங்கு எவ்வளவு, வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. ஆனாலும் அந்த எண்ணைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பழங்காலக் கடலை ஆராயும் எங்களுக்கு இதில் இன்னொரு தலைவலியும் உண்டு. இந்த ஓடுதான் எங்கள் வெப்பமானி. வெதுவெதுப்பான நீரில் கட்டிய ஓட்டில் மக்னீசியம் அதிகம். அதை அளந்து பழங்காலக் கடலின் வெப்பத்தைக் கணக்கிடுகிறோம். ஆழ்கடலில் ஓடு கரையும்போது மக்னீசியம் மிகுந்த பகுதிதான் முதலில் போகும். மிஞ்சிய ஓட்டை நம்பினால், கடல் இருந்ததைவிடக் குளிர்ந்திருந்ததாகக் கணக்கு வரும். கரைந்த ஓடு எடை குறைந்திருக்கும், அதனால் முதலில் எடை பார்க்கிறோம். ஓர் ஓட்டின் எடை மைக்ரோகிராம் கணக்கில்தான், தனியாக நிறுத்தால் நம்ப முடியாது. ஒரே இனம், ஒரே அளவு என்று ஐம்பது ஓடுகளைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அதே தூரிகை, அதே தும்மல் பயம்.

நன்றி, வணக்கம்.