செங்கோட்டை வழக்கு: குற்றமா, போரா?

[திரையில்: டெல்லி செங்கோட்டையின் பழைய படம்]

1945 நவம்பர் 5. செங்கோட்டைக்குள் ராணுவ நீதிமன்றம் கூடுகிறது. குற்றவாளிக் கூண்டில் ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான். மூவரும் பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரிகளாக இருந்து, ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, அப்புறம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவர்கள். முக்கியக் குற்றச்சாட்டு, இந்திய தண்டனைச் சட்டம் 121: மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தல்.

பொதுவாக வக்கீல் என்ன சொல்வார்? 'என் கட்சிக்காரர் அதைச் செய்யவே இல்லை' என்பார். இவர்களுக்காக வாதாடிய புலாபாய் தேசாய் அந்தப் பக்கமே போகவில்லை. போர் செய்தார்கள்தான், அதில் குற்றம் எங்கே என்று கேட்டார்.

[திரையில்: சிங்கப்பூர், 1943]

1943 அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அமைந்தது. ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகள் அதை அங்கீகரித்தன. பிரிட்டன்மீது அது முறைப்படி போர் அறிவித்தது. படைக்குத் தனிச் சட்டமே இருந்தது. ஆக, இது இரண்டு அரசுகளின் சண்டை, சர்வதேசச் சட்டம்தான் செல்லும் என்றார் தேசாய். அடிமை நாட்டுக்கும் விடுதலைக்காகப் போரிட உரிமை உண்டு என்பது அதன் அடுத்த படி.

அரசுத் தரப்போ, சிறைப்பட்டாலும் மன்னருக்குக் கொடுத்த விசுவாசப் பிரமாணம் செத்துப்போகாது என்றது. அந்தத் தற்காலிக அரசே ஜப்பானின் கைப்பொம்மை என்றும் வாதிட்டது. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது, ஐ.என்.ஏ. ஜப்பானை நம்பித்தான் களத்தில் இருந்தது. ஆனால் விசுவாச வாதத்தில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் இந்திய வீரர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தவர் ஒரு பிரிட்டிஷ் அதிகாரிதான். கைகழுவிவிட்டுப் போனவர்களுக்கு விசுவாசத்தைக் கேட்க என்ன யோக்கியதை?

சரி, தீர்ப்பு? டிசம்பர் 31: போர் தொடுத்த குற்றத்தில் மூவரும் குற்றவாளிகள். 121-இல் மரணம் அல்லது ஆயுள் நாடுகடத்தல், இரண்டே தண்டனைதான். நீதிமன்றம் இரண்டாவதைக் கொடுத்தது, கூடவே பதவிநீக்கமும் சம்பள பாக்கிப் பறிமுதலும். 1946 ஜனவரி 3-ஆம் தேதி பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் நாடுகடத்தலை ரத்து செய்தார். மற்ற இரண்டை மட்டும் விட்டுவைத்தார். தேசாயின் சட்ட வாதத்தை யாரும் ஏற்றுக்கொண்டதாக இதற்கு அர்த்தமில்லை. வெளியே நாடு கொந்தளித்துக்கொண்டிருந்தது. இந்திய சிப்பாய்களின் மனநிலையும் அவரைப் பயமுறுத்தியது.

[திரையில்: 1947]

சுதந்திரம் வந்தது. ஐ.என்.ஏ. வீரர்களைத் தியாகிகள் என்று கொண்டாடிய இந்தியா, அவர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.